புரோட்டானில் பெயர், எலக்ட்ரானில் மின்சுமை

புரோட்டான், எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கொடுத்து, அது எந்த அணு அல்லது அயனி (மின்சுமை பெற்ற அணு) என்று கேள்வி கேட்டால், முதலில் புரோட்டானை மட்டும் பாருங்கள். 17 என்றால் அது குளோரின்தான். எலக்ட்ரான் எத்தனை இருந்தாலும் தனிமம் மாறாது. அடுத்து, புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கழியுங்கள். 0 வந்தால் நடுநிலை அணு, மிகை எண் வந்தால் நேர் அயனி, குறை எண் வந்தால் எதிர் அயனி.

பலரும் சறுக்குவது 18 எலக்ட்ரானில்தான். பார்த்ததும் ஆர்கான் என்று எழுதிவிடுகிறார்கள். 16 புரோட்டான் இருந்தால் அது சல்பைடு (2−). 17 என்றால் குளோரைடு (1−). 19 என்றால் பொட்டாசியம் அயனி (1+). 20 என்றால் கால்சியம் அயனி (2+). புரோட்டானும் 18 இருந்தால் மட்டுமே ஆர்கான் அணு.

எலக்ட்ரானை இழந்தால் ஏன் கூட்டல் குறி? போனது எதிர்ச்சுமை, மிஞ்சி நிற்பது நேர்ச்சுமை. கேள்வியில் நியூட்ரான் எண்ணிக்கை இருந்தால் தொடாதீர்கள், அது நிறை எண்ணுக்கு (புரோட்டான், நியூட்ரான் கூட்டுத்தொகைக்கு) உரியது.