பழைய டெக் இருந்த இடத்து மண்ணை மொத்தமா அள்ளிக் கொட்டாதீங்க

அமெரிக்காவுல 2004க்கு முன்னாடி கட்டின மர டெக்கை (வீட்டை ஒட்டி வெளியில பலகை அடிச்சுப் போடுற மேடை) பிரிச்சீங்கன்னா, கம்பத்தை ஒட்டின மண்ணு, பலகைக்கு நேர் கீழ உள்ள மண்ணு, கொஞ்சம் தள்ளி உள்ள மண்ணு, மூணையும் தனித்தனி பையில போட்டு, ஆர்சனிக்ங்கிற விஷம் எவ்வளவு இருக்குன்னு பார்க்க லேபுக்கு அனுப்புங்க. ஒண்ணா கலந்துடாதீங்க, கலந்தா அழுக்கு மண்ணு நல்ல மண்ணுல கரைஞ்சு ரிசல்ட்டே பொய்யாயிடும்.

அந்தக் காலத்து மரத்துக்கு கரையான் வராம இருக்க குரோமியம், காப்பர், ஆர்சனிக் மூணும் ஏத்துவாங்க, மழையில ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமா கசியும், ஆனா களிமண்ணுலயும் இரும்புச் சத்து உள்ள மண்ணுலயும் அது ஒட்டிக்கிட்டு பெரும்பாலும் மேல் மண்ணுலயே நின்னுடும், பக்கவாட்டுலயும் ரொம்ப பரவாது. அதனால எங்க அதிகமோ அந்தத் திட்டை மட்டும் எடுத்தா போதும், அள்ளுற கூலியும் கொட்டுற செலவும் நல்லாவே குறையும். எடுத்த மண்ணை எங்க கொட்டணும்னு ஊர் குப்பை ஆஃபீஸ்ல கேட்டுக்கோங்க.

ஃப்ளோரிடா மாதிரி மணல் பூமின்னா இது சரிப்படாது, ஆர்சனிக் ஆழமா இறங்கிடும். அந்த மரத்தை எரிச்ச சாம்பல் கிடந்த இடத்துக்கும், கிரியோசோட்ங்கிற தார் எண்ணெய் பூசின ரயில் கட்டைக்கும் கணக்கு வேற. டெஸ்ட் வர்ற வரைக்கும் பாஸ்பேட் உரம் மட்டும் போடவே போடாதீங்க, ஒட்டியிருக்கிற ஆர்சனிக்கை அது கிளப்பி விட்டுடும்.