ரீபில்ட் இன்ஜினுக்கு இன்ஜெக்டர் வாங்கறதுக்கு முன்னாடி இந்த கணக்கை போட்டுடுங்க

லேத்துல போரிங் போட்டு, ஃபோர்ஜ்டு பிஸ்டன் இறக்கி, டர்போவும் மாட்டினதுக்கப்புறம் நம்ம பசங்க நேரா போய் கேக்கறது, இன்ஜினுக்கு பெட்ரோல் பீச்சற இந்த இன்ஜெக்டர் "எவ்ளோ பெருசு கிடைக்கும்"னுதான். நானும் அப்படித்தான் என் 1.6 லிட்டர் இன்ஜினுக்கு நிமிஷத்துக்கு 550 சிசி பெட்ரோல் விடற செட் வாங்கிட்டேன், விலை கம்மின்னு, டேட்டா ஷீட் எதுவுமே இல்ல, மூணு மாசம் ஐடில் ஏறி இறங்கி, பிளக்கெல்லாம் கரி பிடிச்சு, சிக்னல்ல நின்னாலே பயமா இருக்கும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். கிராங்க்ல எதிர்பாக்கற ஹெச்பி, அதை டர்போன்னா 0.6ஆல பெருக்குங்க, டர்போ இல்லன்னா 0.5 போதும், வர்றத சிலிண்டர் எண்ணிக்கை பெருக்கல் 0.8ஆல வகுங்க. இந்த 0.8தான் டூட்டி சைக்கிள், அதாவது இன்ஜெக்டர் தொறந்திருக்கற நேரத்தோட பங்கு, இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல தொறந்து வச்சு ஓட்டாதீங்க. 150 ஹெச்பி, 4 சிலிண்டர் டர்போன்னா 90ஐ 3.2ஆல வகுத்தா ஒரு இன்ஜெக்டருக்கு மணிக்கு 28 பவுண்ட் பெட்ரோல், 10.5ஆல பெருக்கினா நிமிஷத்துக்கு 295 சிசி. இப்ப பங்க்ல வர்றது இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்ததால அதே பவருக்கு சுமார் 8 சதவீதம் கூடுதலா ஊத்தணும், அப்ப 320. கடலூர்லேர்ந்து விலை கம்மின்னு பாண்டிக்கு வந்து டேங்க் ரொப்பினாலும் அதே இ20தான். ஆக 340, 360 சிசி தாராளம், 550 எதுக்கு?

விக்கறவர் சொல்ற சிசி எந்த பெட்ரோல் பிரஷர்லன்னு கட்டாயம் கேளுங்க. பெரும்பாலும் 3 பார்ல சொல்லுவாங்க, அதையே 4 பார்ல ஓட்டினா 15 சதவீதம் கூட வரும்.

என்னைப் பொறுத்தவரை சைஸை விட முக்கியம் டெட் டைம். இன்ஜெக்டருக்கு கரண்ட் குடுத்ததுக்கும் அது நெஜமா தொறக்கறதுக்கும் நடுவுல ஒரு சின்ன தாமதம் இருக்கும், பேட்டரி வோல்டேஜ் இறங்க இறங்க அது ஜாஸ்தியாகும், ஐடில்ல தொறக்கற நேரமே ரொம்ப கம்மிங்கறதால அங்கதான் இந்த தப்பு பெருசா அடிக்கும். வோல்டேஜ் வாரியா இந்த தாமதம் எவ்ளோன்னு சொல்ற டேபிள் இருந்தாதான் ட்யூனர் இசியூல, அதாவது இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்ல, போட முடியும். டேபிள் இல்லாத செட்டை ஓசியா குடுத்தாலும் நான் இனி வாங்க மாட்டேன்.

மல்டிமீட்டர் வச்சு இன்ஜெக்டரோட ரெசிஸ்டன்ஸ் எத்தனை ஓம்ஸ்னு பாருங்க, 12லேர்ந்து 16 இருந்தா ஹை இம்பீடன்ஸ், கம்பெனி இசியூவே பெரும்பாலும் ஓட்டிடும், 2, 3 ஓம்ஸ்னா நேரா மாட்டினா இசியூக்குள்ள இருக்கற டிரைவர் சர்க்யூட் போயிடும். பழைய செட்டா இருந்தா அல்ட்ராசோனிக் க்ளீனிங் போட்டு நாலையும் ஃப்ளோ டெஸ்ட் பண்ண சொல்லுங்க, ஒண்ணுக்கொண்ணு 2 சதவீதத்துக்குள்ள இருக்கணும், ஏன்னா ஒரு சிலிண்டர் மட்டும் லீனா, அதாவது பெட்ரோல் பத்தாம, ஓடி புது பிஸ்டன் உருகினா மறுபடி லேத்துக்குதான் போகணும்.

ஈசிஆர் பக்கம், கடலோரமா வண்டி நிக்குதுன்னா கனெக்டர் பின் பச்சை பிடிக்கும், ரப்பர் சீலோட புது கனெக்டரே போட்டுடுங்க. ஓ ரிங்கும் புதுசு, லேசா இன்ஜின் ஆயில் தடவி நேரா அழுத்துங்க, அப்புறம் ஸ்டார்ட் பண்ணாம கீ மட்டும் ரெண்டு மூணு தடவை ஆன் பண்ணி இன்ஜெக்டருக்கு பெட்ரோல் குடுக்கற ஃப்யூயல் ரெயில் குழாய்ல எங்கயாவது கசியுதான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டு அப்புறமா செல்ஃப் அடிங்க.