கெண்டைக்காலை அளப்பது எப்படி? வயதானவர்களின் தளர்ச்சியை வீட்டிலேயே கவனிக்க ஒரு வழி

பெரியவர்கள் உடல் தளர்ந்து வருவதை எடை மெஷின் எப்போதும் காட்டிக்கொடுப்பதில்லை. தசை கரைந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் எடை அப்படியே நிற்கும். அம்மாவுக்கு எடை மாறவில்லை, ஆனால் நாற்காலியை விட்டு எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் கெண்டைக்காலை அளந்து பார்க்கச் சொன்னார். அதைச் சரியாகச் செய்யும் முறைதான் இது.

டேப்: இழுத்தால் நீளாத ஃபைபர்கிளாஸ் டேப் வாங்குங்கள். பழைய துணி டேப் வேண்டாம், நாள்பட நீண்டுவிடும். கொழுப்பு, தசை சதவீதம் சொல்லும் மெஷின்களை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. உடலில் நீர் கூடினாலோ குறைந்தாலோ எண் மாறிவிடும்.

உட்காரும் விதம்: சாக்ஸைக் கழற்றிவிட்டு, பாதம் முழுதும் தரையில் படியும்படி உட்கார வையுங்கள். முழங்கால் செங்கோணத்தில் மடங்கியிருக்கட்டும். காலை இறுக்கக் கூடாது.

வீக்கம் இருக்கிறதா? டேப்பை எடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். எனக்குப் பிடிபட நாளானது இந்த இடம்தான். காலையில் ஒரு எண், மாலையில் வேறு எண் என்று வந்தது. பகலெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் நீர் கீழே இறங்கும். டேப்புக்கு நீரும் தசையும் ஒன்றுதான். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்க எலும்பின் மீது கட்டைவிரலால் ஐந்தாறு விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து, மெதுவாக மேலே வந்தால் வீக்கம் இருக்கிறது. அன்றைய அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதயம், சிறுநீரகம், சில ரத்த அழுத்த மாத்திரைகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், அதனால் டாக்டரிடம் சொல்லுங்கள். வீக்கம் இல்லாவிட்டாலும் காலையில் எழுந்ததுமே அளப்பது நல்லது.

அளப்பது: டேப்பைச் சுற்றி, மேலும் கீழும் நகர்த்தி, சதை அதிகமாகத் திரண்ட இடத்தைக் கண்டுபிடியுங்கள். டேப் சாயாமல் தோலைத் தொட வேண்டும், சதையை அமுக்கக் கூடாது. இரண்டு காலையும் அளந்து பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, எண் என்ன சொல்கிறது? தசை இழப்பு குறித்த ஆசிய நிபுணர் குழு 2019-இல் சொன்ன எல்லை: ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. அதற்குக் கீழே போனால் மேலும் சோதிக்க வேண்டும் என்று பொருள். நோய் உறுதி என்று பொருளில்லை. பருமனானவர்களிடம் கொழுப்பும் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 25 முதல் 30-க்குள் இருந்தால் 3 செ.மீ., 30 முதல் 40-க்குள் இருந்தால் 7 செ.மீ. கழித்துப் பார்க்கும் முறையும் உண்டு.

எல்லையைவிட நான் பெரிதாக மதிப்பது போக்கைத்தான். மாதம் ஒருமுறை அதே நேரத்தில் அதே ஆள் அளந்து எழுதி வையுங்கள். 36 இருந்த கால் 34-க்கு வந்தால், எல்லைக்குள்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

எண் குறைவாக வந்தால் அடுத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வலு குறைந்திருக்கலாம். கூடவே, முயற்சி செய்யாமலே ஒரு வருடத்தில் 4.5 கிலோ குறைந்திருக்கிறதா, நடை மெதுவாகிவிட்டதா, எப்போதும் அசதியா என்றும் பாருங்கள். இவை தளர்ச்சியைக் கணிக்க டாக்டர்கள் பார்க்கும் அடையாளங்கள். குறிப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

பின்சேர்க்கை: படுத்த படுக்கையாக இருப்பவருக்கு எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். மல்லாந்து படுக்க வைத்து, பாதம் மெத்தையில் படியும்படி முழங்காலை மடக்கி அளக்கலாம்.

இன்னொன்று: ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, வலியோ சூடோ இருந்தால் டேப்பைக் கீழே வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை அழுத்தியோ நீவியோ விடாதீர்கள்.