ஜிமெயில்ல தமிழும் பாதுகாப்பும்: பிரவுசர்ல போய் பாக்க வேண்டிய செட்டிங்ஸ்

ஜிமெயிலை போன் ஆப்ல மட்டுமே பாக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா ரொம்ப முக்கியமான சில செட்டிங்ஸ் அந்த ஆப்ல கிடையவே கிடையாது. நமக்கு வர்ற மெயில் தானா வேற அட்ரஸுக்குப் போகுதா, யாராவது ஃபில்டர் (வர்ற மெயிலைத் தானா பிரிச்சு ஒதுக்குற விதி) போட்டு வெச்சிருக்காங்களா, இதெல்லாம் பிரவுசர்ல திறந்தாதான் தெரியும். கம்ப்யூட்டர் இருந்தா அதுல திறங்க, இல்லன்னா போன்லயே குரோம்ல டெஸ்க்டாப் சைட்னு டிக் பண்ணிட்டு திறங்க, எழுத்து பொடிசா தெரியும், ஆனா வேலை நடக்கும்.

முதல்ல மொழியை மாத்திடலாம். காரணம் இருக்கு. உங்க அப்பாவுக்கோ அத்தைக்கோ நீங்க மெயில் ஐடி போட்டுக் கொடுத்திருப்பீங்க, அதுல ஒரு எச்சரிக்கை வந்தா என்ன எழுதியிருக்குன்னு புரியாம ஏதோ ஒரு பட்டனை அமுக்கிட்டுப் போயிடுவாங்க, தமிழ்ல இருந்தா நின்னு படிப்பாங்க. என்னைப் பொறுத்தவரை இதுவே பாதி பாதுகாப்பு.

வலது பக்கம் மேல பல்சக்கரம் மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அதைத் தட்டி எல்லா செட்டிங்ஸையும் காட்டுன்னு இருக்குறதை அமுக்குங்க. முதல் டேப் ஜெனரல், அதுல முதல் வரியே மொழிதான். லிஸ்ட்ல தமிழைத் தேர்ந்தெடுத்துட்டு பக்கத்தோட அடி வரைக்கும் இறங்கி சேவ் பண்ணணும், இதை நிறைய பேர் விட்டுட்டு ஏன் மாறலன்னு கேக்குறாங்க. மாத்தினதுக்கு அப்புறம் தமிழ் மெனு பழகாம தடுமாறினா கவலை வேண்டாம், இடம் எதுவும் மாறாது, அதே பல்சக்கரம், அதே முதல் டேப், அதே முதல் வரில திரும்ப மாத்திக்கலாம். அதனாலதான் கீழே எல்லாத்துக்கும் எத்தனாவது டேப்னே சொல்றேன்.

அதே இடத்துல இன்புட் டூல்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, கண்ல படலன்னா எல்லா மொழி ஆப்ஷனையும் காட்டச் சொல்லுங்க, வரும். அதை ஆன் பண்ணி தமிழைச் சேத்துக்கிட்டா பல்சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஐகான் வந்துடும். இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு அடிச்சு ஸ்பேஸ் தட்டினா தமிழ்ல விழும், தமிழ் கீபோர்டு பழகினவங்களுக்கு அதுவும் தனியா இருக்கு.

இன்னொண்ணு, இதுல மாத்தினா மெயில் பக்கம் மட்டும்தான் மாறும். கூகுள் அக்கவுண்ட்டோட மொழி வேற. மேல வலது ஓரத்துல உங்க போட்டோவைத் தட்டி, அக்கவுண்ட் பக்கத்துக்குப் போய், பர்சனல் இன்ஃபோவுல அதையும் தமிழாக்குங்க, ஏன்னா பாஸ்வேர்டு, பாதுகாப்பு சம்பந்தமான பக்கமெல்லாம் அங்கதான் இருக்கு.

இப்ப பாதுகாப்பு. அதே அக்கவுண்ட் பக்கத்துல செக்யூரிட்டின்னு இருக்கும், அதுல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு தடவை நீங்கதானான்னு சரிபாக்குறதை, ஆன் பண்ணுங்க. எஸ்எம்எஸ்ல ஓடிபி வர்றது ஒண்ணும் இல்லாததுக்கு எவ்வளவோ மேல், ஆனா போலி லாகின் பக்கத்துல ஏமாந்து நம்மளே அந்த ஓடிபியை அடிச்சுக் கொடுத்துட முடியும். பாஸ்கீல அந்தப் பிரச்சனை இல்ல, கைரேகையோ ஸ்கிரீன் லாக்கோ வெச்சு உள்ள போறது, அசல் தளத்துல மட்டும்தான் வேலை செய்யும், போலிப் பக்கத்துல நீங்களே நினைச்சாலும் கொடுக்க முடியாது. உங்க போன்ல முடியும்னா பாஸ்கீயே வெச்சுக்கோங்க. கூடவே போன் கைல இல்லாதப்போ உள்ள போறதுக்கான பேக்கப் கோடு எடுத்துடுங்க, 8 இலக்கத்துல மொத்தம் 10 கோடு கொடுப்பாங்க, ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் செல்லும். பேப்பர்ல எழுதி வீட்டுப் பத்திரத்தோட வைங்க, அதே மெயில்ல சேவ் பண்ணி வெச்சா போன் தொலைஞ்ச அன்னைக்கு உதவாது.

அக்கவுண்ட்டுக்குள்ள போக முடியாதப்போ மீட்குறதுக்குக் கொடுத்து வெச்ச ரெக்கவரி போன் நம்பரையும் பாருங்க, இது ரொம்ப முக்கியம். ரீசார்ஜ் பண்ணாம விட்ட பழைய சிம் நம்பர் கொஞ்ச நாள்ல வேற யாருக்காவது போயிடும், அந்த நம்பர் இன்னும் உங்க அக்கவுண்ட்ல இருந்தா உங்க ஓடிபி அவங்களுக்குத்தான் போகும்.

அடுத்து நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கிறது. அக்கவுண்ட்டை யாரோ திறந்திருக்காங்கன்னு சந்தேகம் வந்தா எல்லாரும் பாஸ்வேர்டை மாத்திட்டு நிம்மதியா இருந்துடுறாங்க, ஆனா உள்ள வந்தவங்க செஞ்சு வெச்சுட்டுப் போன சில மாற்றம் பாஸ்வேர்டு மாத்தினாலும் அப்படியே இருக்கும். திரும்ப ஜிமெயில் பக்கத்துக்கு வாங்க, பல்சக்கர செட்டிங்ஸ்ல நாலாவது டேப், அக்கவுண்ட்ஸ். அதுல உங்க மெயிலைப் படிக்க வேற யாருக்காவது அனுமதி கொடுத்திருக்கான்னு பாருங்க, உங்க பேருக்குப் பக்கத்துல எடிட் தட்டி ரிப்ளை போற அட்ரஸ் மாறியிருக்கான்னும் பாருங்க. அது மாறியிருந்தா நீங்க அனுப்புற மெயிலுக்கு வர்ற பதில் எல்லாம் வேற ஆளுக்குப் போகும், உங்களுக்கு ஒரு சுவடும் தெரியாது. அஞ்சாவது டேப் ஃபில்டர், பேங்க்ல இருந்து வர்றதை நேரா டிராஷுக்குப் போகச் சொல்லி ஒரு ஃபில்டர் இருந்தா அது நீங்க போட்டது இல்ல, உடனே டெலீட் பண்ணுங்க. ஆறாவது டேப் ஃபார்வர்டிங், அதுல தெரியாத அட்ரஸ் எதுவும் இருக்கக் கூடாது.

பிரவுசிங் சென்டர்லயோ ஜெராக்ஸ் கடையிலயோ பிரிண்ட் எடுக்க மெயிலைத் திறந்துட்டு லாக் அவுட் பண்ணாம வந்துட்டீங்களா? இன்பாக்ஸோட அடில வலது ஓரத்துல பொடி எழுத்துல டீட்டெயில்ஸ்னு ஒரு லிங்க் இருக்கும். அதைத் தட்டினா கடைசியா எங்கிருந்து, எந்த நேரத்துல, எந்த பிரவுசர்ல திறந்திருக்குன்னு ஐபி அட்ரஸோட காட்டும், மத்த இடத்துல திறந்திருக்குற எல்லாத்தையும் மூடுறதுக்கு ஒரு பட்டனும் அங்கேயே இருக்கு. ஊர் பேரைப் பாத்து மட்டும் பதறாதீங்க, மொபைல் நெட்ல இருந்தா நீங்க தென்காசில உக்காந்திருந்தாலும் சென்னைன்னு காட்டலாம், நேரமும் பிரவுசரும் ஒத்துப் போகுதான்னு பாருங்க.

சின்னதா ரெண்டு. ஜெனரல் டேப்லயே மெயில்ல வர்ற படத்தைக் கேட்டுட்டுக் காட்டுன்னு மாத்திக்கலாம், படத்தைக் காட்டச் சொல்லாத வரைக்கும் விளம்பர மெயிலை நீங்க திறந்தது அந்தப் படம் மூலமா அனுப்புனவங்களுக்குத் தெரியாது. அனுப்புன மெயிலை உடனே திரும்ப நிறுத்துற அண்டூ சென்ட் 5 செகண்ட்ல இருக்கும், 30 ஆக்கிடுங்க.

கடைசியா ரெக்கவரி மெயில். பெரும்பாலும் காலேஜ்ல படிக்கும்போது ஆரம்பிச்ச ஏதோ ஒரு பழைய ஐடியைத்தான் கொடுத்திருப்போம், அது ஜிமெயிலா இருந்து 2 வருஷமா தொடாம கிடந்தா கூகுள் அதை அழிச்சுடலாம், 2023 டிசம்பர்ல இருந்து அந்த விதி நடைமுறைல இருக்கு. இன்னைக்கே அதுல ஒரு தடவை லாகின் பண்ணிப் பாருங்க, உள்ள போக முடியலன்னா வீட்ல நம்பிக்கையான ஒருத்தரோட ஐடியை அங்க மாத்திப் போட்டுடுங்க.