ஒரே அறையில் திரு.வி.க.வுக்கு ஒரு அருங்காட்சியகம்: பெரம்பூர்க்காரர்களுக்குச் சில யோசனைகள்

மன்றத்திலோ படிப்பகத்திலோ ஓர் அறை சும்மா கிடக்கிறது, திரு.வி.க. பெயரில் ஏதாவது செய்யலாம் என்று நினைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பிறப்பு முதல் இறப்பு வரை பிளக்ஸ் அடித்துச் சுவரை நிரப்ப வேண்டாம். 1883இல் பிறந்தது, தேசபக்தன், நவசக்தி பத்திரிகைகளை நடத்தியது, 1953இல் மறைந்தது எல்லாம் வாசலில் ஒரே பலகையில் அடங்கிவிடும்.

பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு ஆட்கள் வைக்கிற அறையில் தொழிற்சங்கம்தான் நடுவில் நிற்க வேண்டும். 1918 ஏப்ரல் 27 அன்று பின்னி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்தப் பக்கத்தில்தான். செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். 1921இல் பின்னி மில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர்களே சாதியால் பிரிந்து புளியந்தோப்பில் மோதிக்கொண்டதையும், ஆதிதிராவிடர்களுக்காக அவர்களின் தலைவர் எம்.சி. ராஜா பேசியதையும் கட்டாயம் எழுதுங்கள். அதை மறைத்தால் புளியந்தோப்புப் பெரியவர் ஒருவர் உள்ளே வந்து படித்துவிட்டு வாயே திறக்காமல் போய்விடுவார்.

சரி, பொருளுக்கு எங்கே போவது? மில் 1996இல் மூடியது, அதில் வேலை பார்த்தவர்களின் வீடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, பின்னி காக்கித் துணி, குரூப் போட்டோ என்று பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் ஏதாவது இருக்கும், வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். அசலைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நெருக்காதீர்கள், ஸ்கேன் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுத்தால் அடுத்த வீடு தானாகத் திறக்கும். கொடுப்பவர்களிடம் இனாமா இரவலா என்று இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

பழைய காகிதத்தை லேமினேட் செய்யவே கூடாது. பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே காகிதம் பழுத்துக்கொண்டேதான் இருக்கும். செல்லோடேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் பசை காய்ந்து மஞ்சள் கறையை விட்டுப் போகும். எண் போடப் பென்சில் போதும், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல். பார்வைக்கு நகலை வைத்துவிட்டு அசலை பீரோவில் பூட்டுங்கள். பீரோ வெளிச்சுவரை ஒட்டி நிற்க வேண்டாம், ஓதம் ஏறும். கீழ்த்தட்டில் எதையும் வைக்காதீர்கள், நம் பக்கம் மழைத் தண்ணீர் எதுவரை ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். மாதம் ஒரு முறை ராமபாணப் பூச்சியும் கரையானும் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

அப்புறம், மில்லில் வேலை பார்த்த தாத்தாக்களை இப்போதே செல்போனில் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள், இந்த வேலை மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. குறிப்புப் பலகையில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், குரூப் போட்டோவில் அடையாளம் தெரிந்த ஒவ்வொருவர் பெயரையும், குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டு, போடுங்கள்.

வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற மாதிரி சாயங்காலம் திறங்கள், ஞாயிறு முழுநாள். சாவி தெருவிலேயே இரண்டு வீட்டில் இருக்கட்டும்.