உத்யம் எண் போட்ட பில்: மெஸ் நடத்துகிறவர்களுக்கு

2020 மார்ச் கடைசியில் மதுரை சிம்மக்கல்லில் எங்கள் மெஸ் ஷட்டரை இறக்கியபோது கல்லாவில் இருந்தது ஒரு வாரச் சம்பளத்துக்குத்தான் கட்டியது. மே மாதம் அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. அடமானம் வேண்டாம், அரசே ஜாமீன். ஆசையாகப் பேங்குக்குப் போனேன். பிப்ரவரி 29 அன்று பேங்கில் எவ்வளவு கடன் பாக்கியோ அதில் 20 சதவீதம் தருவோம் என்றார்கள். எனக்குப் பேங்கில் கடனே கிடையாது. எல்லாம் தண்டல்காரரிடம் வாங்கியது. 2021-இல் ஓட்டல் தொழிலுக்கு அதையே 40 சதவீதம் ஆக்கினார்கள். பூஜ்யத்தில் 20 என்ன, 40 என்ன!

அந்தத் திட்டம் 2023 மார்ச்சோடு முடிந்தது. வராத பாக்கியை வசூலிக்க இன்றைக்கும் நமக்கு உதவுவது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். கம்பெனி, ஹாஸ்டல் என்று மாதக் கணக்குக்குச் சாப்பாடு அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதார், அதில் இணைத்த செல்போன், பான், பேங்க் கணக்கு விவரம் போதும். அரசுத் தளத்தில் ஒரு பைசா கட்டணம் இல்லை. அதே மாதிரி தோற்றத்தில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் நிறைய உண்டு, ஏமாற வேண்டாம். தொழில் வகை கேட்கும் இடத்தில் 'சேவை' என்று கொடுங்கள். 'வணிகம்' என்று போட்டால் பாக்கி வசூல் உரிமை கிடைக்காது.

நான் கோட்டை விட்டது இங்கேதான். 2021-இல் ஒரு கம்பெனிக்கு இரண்டு மாதம் மதியச் சாப்பாடு அனுப்பினேன். பணம் வரவில்லை என்றதும் ஓடிப்போய்ப் பதிவு செய்தேன். சப்ளைக்குப் பிறகு பதிந்தால் பழைய பில்லுக்குச் செல்லாது என்று ஆடிட்டர் கையை விரித்துவிட்டார். அதனால் இன்றே பதியுங்கள்.

அப்புறம், உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். தினமும் எத்தனை சாப்பாடு இறங்கியது என்று அங்கே ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. தண்டல்காரருக்கு நாம் அழுத வட்டியை ஒருநாள் நாமும் கேட்கலாம்!

இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்க வசதியாக்கல் மன்றம் என்ற அரசு அமைப்பு உண்டு. ஆனால் உடனே அங்கே மனுப் போடாதீர்கள். முதலில் பாக்கி வைத்த கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு ஒரு வரி விதியை நினைவுபடுத்திக் கடிதம் எழுதுங்கள். கெடுவுக்குள் தராத தொகையை, தருகிற வரைக்கும் அவர்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இதுதான் விதி. முதலாளிக்கு உறைக்காவிட்டாலும் அவருடைய ஆடிட்டருக்கு உறைக்கும். எனக்கு இரண்டு பாக்கி அப்படித்தான் வந்தது. அதற்கும் அசையாவிட்டால் வசதியாக்கல் மன்றம். மனுவை இணையத்திலேயே போடலாம். மதுரையிலும் மன்றம் இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். ஆனால் மனுப் போட்ட பிறகு அந்த வாடிக்கை போய்விடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்யாண ஆர்டருக்கு இதெல்லாம் சரிப்படாது. அங்கே தாலி ஏறுவதற்கு முன்பே முக்கால் பணத்தை வாங்கிவிடுவேன்.