தோட்ட லீக் உடைந்தால் மிஞ்சிய குழு எங்கே போவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டக் குழுக்கள் ஆடும் லீக்கிலிருந்து பெரிய குழுக்கள் வேறு லீக்குக்குத் தாவினால், முதலில் பழைய லீக்கின் சட்டவிதியைப் பாருங்கள்: கையிருப்பும் ஓட்டும் யாருக்கு? அமெரிக்காவில் 2024-இல் பத்துப் பல்கலைக்கழகங்கள் பேக்-12 என்ற பல்கலைக்கழக விளையாட்டு லீக்கை விட்டுப் போயின. மிஞ்சிய ஒரேகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் நீதிமன்றம் போய் நிர்வாகத்தைப் பிடித்துக்கொண்டன. பிறகுதான் போய்ஸி ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களை 2026-க்கு இழுக்க முடிந்தது.

பழைய லீக்கைக் காப்பாற்ற வழியில்லையா? ஒற்றைப்படை எண்ணிக்கையுள்ள லீக்கை அணுகுங்கள். ஏழு குழு ஒன்றோடொன்று ஒருமுறை மோதும் ஒரு சுற்று ஆட ஏழு வாரம். வாராவாரம் ஒரு குழு சும்மா உட்காரும். எட்டாவதாக நீங்கள் சேர்ந்தாலும் அதே ஏழு வாரம்தான், ஆட்டம் மட்டும் 21-இலிருந்து 28 ஆகும். ஆறு குழு லீக்கில் இந்த வாதம் எடுபடாது; நீங்கள் சேர்ந்தால் ஐந்து வாரம் ஏழாகிவிடும்.

திடல் அனுமதியைத் தோட்ட மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல், ஆள் மாறினால் போச்சு.